அப்டேட்டுக்குப் பிறகு கணினியின் முகமே மாறிவிட்டதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

பெரிய அப்டேட் ஒன்று வந்துவிட்டால் போதும், அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே மாதிரி அழைப்புகள்தான். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. இருந்த பொத்தான் இடம் மாறியிருக்கும், இல்லையென்றால் அதை எடுத்தே விட்டிருப்பார்கள். உண்மையான பழுது அபூர்வம். ஆனால் வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒன்றுபோலவே இருப்பதால், பழுதே இல்லாத கணினியை ஃபார்மட் செய்து இருந்ததையும் இழந்தவர்கள் உண்டு.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இது இடம் மாறியதா, எடுக்கப்பட்டதா, பழுதா? இடம் மாறியிருந்தால் செட்டிங்ஸில் சில நிமிட வேலை. எடுக்கப்பட்டிருந்தால் மாற்று வழி பழகுவதா, வேறு மென்பொருள் போடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். பழுதாக இருந்தால் மட்டுமே பழுதுபார்ப்பு.

கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி விண்டோஸ் 11-க்கு. மேக், லினக்ஸ் கடைசியில் வருகின்றன.

## எதையும் தொடும் முன்

அப்டேட் ஏறியவுடன் திரை விநோதமாக இருந்தால் ஒருமுறை முழுமையாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் போட்டு மறுபடி ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் என்பது அரைத்தூக்கம்தான். பவர் மெனுவில் ரீஸ்டார்ட் என்றே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், கடைசியில் அபவுட். அங்கே 23எச்2, 24எச்2 என்பதுபோல ஒரு குறியீடு இருக்கும். குறியீடு ஒன்றாக இருந்தும் பக்கத்து மேஜைக் கணினி வேறு மாதிரி தெரிந்தால் குழம்ப வேண்டாம். புதிய வடிவங்களை எல்லாருக்கும் ஒரே நாளில் தராமல் சிறிது சிறிதாகத் திறந்துவிடுகிறார்கள்.

அலுவலகக் கணினியில் "சில செட்டிங்குகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற வரி தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, ஐடி பிரிவிடம் சொல்லுங்கள். அந்த வரி வீட்டுக் கணினியில் தெரிந்தால், விண்டோஸை "இளைக்க வைக்கும்" ஏதோ ஒரு கருவியை யாரோ ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கருவியிலேயே மாற்றங்களைத் திரும்பப் பெறும் வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

## அறிகுறி: டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்களைக் காணவில்லை

பதற்றத்தில் மனிதர்கள் தவறான முடிவெடுப்பது இங்கேதான். அதனால் வரிசை மாறாமல் செய்யுங்கள்.

### ஐகான் ஒன்றுகூட இல்லை, வால்பேப்பர் மட்டும் பழையதே

டெஸ்க்டாப்பில் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, வியூ, அதில் ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ். டிக் இல்லையென்றால் போடுங்கள். பல அழைப்புகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

### வால்பேப்பரும் மாறி, புதுக் கணினி மாதிரி இருக்கிறது

தற்காலிக ப்ரொஃபைலில் உள்ளே போயிருக்கிறீர்கள். ப்ரொஃபைல் என்பது உங்கள் கணக்குக்குரிய ஃபைல்களும் செட்டிங்குகளும் சேர்ந்த தொகுப்பு. அப்படி ஓர் அறிவிப்பு மூலையில் வந்து மறைந்திருக்கும். 2020 பிப்ரவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஓர் அப்டேட் பலரை இந்த நிலைக்குத் தள்ளியது. அவர்களில் பெரும்பாலோரின் ஃபைல்கள் எங்கும் போகவில்லை, வேறொரு ப்ரொஃபைல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த நிலையில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். தற்காலிக ப்ரொஃபைலில் சேமித்தது சைன் அவுட் ஆனதும் அழிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சரியாகாவிட்டால் இன்னும் இரண்டு மூன்று தடவை. அப்புறமும் அப்படியே இருந்தால் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப்பைப் பாருங்கள். ஃபைல்கள் அங்கே தெரிந்தால் வெளி டிரைவ் ஒன்றில் நகலெடுத்துக்கொண்டு, ப்ரொஃபைலைச் சீராக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். அதற்கு ரெஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸின் உள் செட்டிங்குகள் பதிவாகியிருக்கும் இடத்தை, தொட வேண்டும். பழக்கமில்லாத கை அங்கே போக வேண்டாம்.

### சில ஐகான்கள் இருக்கின்றன, ஃபைல்கள் இல்லை, அல்லது மேகக் குறியோடு தெரிகின்றன

இது ஒன்டிரைவின் வேலை. ஃபைல்களை இணையத்தில், அதாவது 'மேகத்தில்', சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்டின் சேவை அது. விண்டோஸை முதலில் அமைக்கும்போதோ அப்டேட்டுக்குப் பிறகு வரும் திரைகளிலோ "உங்கள் ஃபோல்டர்களைப் பேக்கப் செய்யவா" என்று கேட்டிருக்கும். அவசரத்தில் சரி என்று அழுத்தியிருப்பீர்கள், இல்லையென்றால் கேட்காமலேயே அது இயங்கத் தொடங்கியிருக்கும். அதன் பிறகு உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் பெயர்ந்துவிடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மேலே முகவரிப் பட்டையைக் கிளிக் செய்து பாருங்கள். உங்கள் பெயருக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவே ஒன்டிரைவ் என்ற சொல் உட்கார்ந்திருந்தால், இதுதான் காரணம்.

இலவசக் கணக்கில் 5 ஜிபி மட்டுமே இடம். அது நிரம்பியதும் "இடமில்லை" என்ற எச்சரிக்கை வரத் தொடங்கும். இடம் பண்ணுகிறேன் என்று ஒன்டிரைவ் ஃபோல்டரிலிருந்து எதையும் அழித்துவிடாதீர்கள். அங்கே அழித்தால் மேகத்திலும் அழியும், அதே கணக்கு உள்ள மற்ற கணினிகளிலும் அழியும். ஏற்கெனவே அழித்திருந்தால் பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்தைத் திறந்து அங்குள்ள ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள் வரை அங்கே இருக்கும்.

பழையபடி கணினியிலேயே வைத்துக்கொள்ள:

1. ஒன்டிரைவ் ஃபோல்டரில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மீது வலது கிளிக் செய்து, ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ் கொடுங்கள். எல்லா ஃபைலிலும் பச்சை டிக் வரும்வரை காத்திருங்கள். மேகக் குறி உள்ள ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இல்லை, அதன் பெயர் மட்டும்தான் இருக்கிறது.
2. மொத்தத்தையும் வெளி டிரைவில் நகலெடுங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.
3. டாஸ்க்பார் மூலையில் மேக ஐகான், பல்சக்கரம், செட்டிங்ஸ், சிங்க் அண்ட் பேக்கப், மேனேஜ் பேக்கப். ஒவ்வொரு ஃபோல்டரையும் நிறுத்துங்கள்.
4. ஃபைல்கள் எங்கே இருக்கட்டும் என்று கேட்டால் இந்தக் கணினியில் மட்டும் என்று தேர்ந்தெடுங்கள். கேட்காத பதிப்பாக இருந்தால் ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே தங்கியிருக்கும். கையால் எடுத்து டெஸ்க்டாப்பில் போடுங்கள்.

### ஒன்டிரைவிலும் இல்லை, யூசர்ஸ் ஃபோல்டரிலும் இல்லை

சி டிரைவில் விண்டோஸ் டாட் ஓல்ட் (பெரிய அப்டேட் பழைய பதிப்பை எடுத்து வைக்கும் இடம்) என்ற ஃபோல்டர் இருந்தால் அதற்குள் யூசர்ஸைத் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் கணினியை அணைத்துவிடுங்கள். அப்டேட்டே ஃபைலை அழித்த கதையும் உண்டு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் சிலருடைய ஃபைல்கள் அழிந்ததால், சில நாளிலேயே அதன் விநியோகத்தை நிறுத்தினார்கள். அழிந்த ஃபைலை மீட்கும் வாய்ப்பு, அந்த டிஸ்க்கில் அதன் பிறகு எவ்வளவு குறைவாக எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்குவதுகூடக் கெடுதல்தான். நேராக டேட்டா மீட்பு நிபுணரிடம் போங்கள்.

## அறிகுறி: ஸ்டார்ட் பட்டனும் டாஸ்க்பாரும் பழையபடி இல்லை

1995-இல் விண்டோஸ் 95 வந்ததிலிருந்து ஸ்டார்ட் பட்டன் இடது மூலையில் இருந்தது. 2012-இல் விண்டோஸ் 8 அதை எடுத்தது, அடுத்த ஆண்டே 8.1-இல் திரும்பக் கொடுத்தார்கள். 2021-இல் விண்டோஸ் 11 அதை நடுவுக்கு நகர்த்தியது. இருபது முப்பது ஆண்டு ஒரே மூலைக்குப் போய்ப் பழகிய கை அங்கேயே போவது இயல்பு. வயதானவர்களுக்கு இதைச் சரிசெய்து கொடுக்கும்போது "இதுகூடத் தெரியாதா" என்ற தொனி வேண்டாம். அவர்கள் கற்றது சரியாகத்தான் இருந்தது.

பட்டன் நடுவில் இருக்கிறது. செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். அதில் டாஸ்க்பார் அலைன்மென்டை லெஃப்ட் என மாற்றுங்கள்.

திறந்திருக்கும் விண்டோக்கள் எல்லாம் ஒரே ஐகானாக ஒட்டிக்கொள்கின்றன, பெயர் தெரியவில்லை. அதே பக்கத்தில் கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் என்ற வரியை நெவர் ஆக்குங்கள். விண்டோஸ் 11 வந்த புதிதில் இந்த வசதியே இல்லை. கேட்டுக் கேட்டு 2023-இல்தான் திரும்பியது. உங்கள் கணினியில் அந்த வரி இல்லையென்றால் பதிப்பு பழையது என்று பொருள், அப்டேட் செய்யுங்கள். ஒரு ஃபைலை இழுத்து டாஸ்க்பார் ஐகான் மேல் பிடிக்கும் வசதியும் இதேபோலக் காணாமல் போய் 2022-இல் 22எச்2 பதிப்பில் திரும்பிவந்தது.

கடிகாரத்தில் நொடி தெரியவில்லை. அதே பக்கத்தில் நொடியைக் காட்டும் தேர்வு இருக்கிறது.

வைஃபையைக் கிளிக் செய்தால் வேறு ஏதோ திறக்கிறது. வைஃபை, ஒலி, பேட்டரி மூன்றும் இப்போது ஒரே பொத்தான். விண்டோஸ் கீயும் ஏ-யும் அழுத்தினால் அந்தப் பலகை வரும். காலண்டருக்கும் அறிவிப்புகளுக்கும் விண்டோஸ் கீயும் என்-னும்.

டாஸ்க்பாரை மேலேயோ பக்கவாட்டிலோ வைக்க முடியவில்லை. விண்டோஸ் 11 வெளியானபோது எடுக்கப்பட்ட வசதி இது. டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பக்கத்தில் அதற்கான வரி இல்லையென்றால் உங்கள் பதிப்பில் அது இல்லை, செட்டிங்ஸை எவ்வளவு துழாவினாலும் கிடைக்காது. ஸ்டார்ட்ஆல்பேக், எக்ஸ்ப்ளோரர்பேட்சர் போன்ற வெளி மென்பொருள்கள் உண்டு. அவற்றைப் போடும் முன் கீழே மினுக்கும் டாஸ்க்பார் பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் நான் திறந்த ஃபைல்களெல்லாம் வரிசையாகத் தெரிகின்றன. பெர்சனலைசேஷன், ஸ்டார்ட். ரெகமண்டட் ஃபைல்களுக்கான சுவிட்சை அணையுங்கள். இதை அணைத்தால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் சமீபத்திய ஃபைல்களும், டாஸ்க்பார் ஐகானை வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலும் சேர்ந்தே போகும். பலரும் பயன்படுத்தும் கணினியில் அது நல்லதே.

## அறிகுறி: வலது கிளிக் மெனுவில் வேண்டியது இல்லை

காப்பி, பேஸ்ட் எல்லாம் எங்கே போயின என்று கேட்பவர்கள் அதிகம். அவை மெனுவின் மேலேயோ கீழேயோ சின்னச் சின்னப் படங்களாக இருக்கின்றன. 24எச்2 பதிப்பிலிருந்து அவற்றின் அடியில் பெயரும் வருகிறது. அந்தப் பெயர்களுக்காகவே அப்டேட் செய்யலாம் என்பேன்.

பழைய முழு மெனு வேண்டுமென்றால் ஷோ மோர் ஆப்ஷன்ஸ் கொடுக்கலாம். அதைவிட எளிது, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு வலது கிளிக் செய்வது. விசைப்பலகையில் ஷிஃப்டும் எஃப்10-உம். பெயர் மாற்ற எஃப்2, ப்ராப்பர்டீஸுக்கு ஆல்ட்டும் என்டரும். இந்த நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக் கொடுத்த இடங்களிலிருந்து மறுபடி அழைப்பு வருவதில்லை.

பழைய மெனுவே எப்போதும் வரும்படி ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவு சேர்க்கும் வழியும் உண்டு. வேலை செய்யும். ஆனால் தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரிஸ்டோர் பாயின்ட் ஒன்றை எடுத்துவிட்டே செய்யுங்கள். அப்டேட் ஒன்று வந்து அதைச் செல்லாமல் ஆக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

## அறிகுறி: டாஸ்க்பார் மினுக்குகிறது, மறைகிறது, அல்லது திரை கறுப்பாக மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறது

இது பழுதுதான். ஆனால் முக்கால்வாசி நேரம் விண்டோஸ் தனியாகச் செய்த பழுதல்ல.

முதல் சோதனை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பார் ஒருமுறை மறைந்து திரும்ப வரும். அதோடு நின்றுவிட்டால் சரி.

சிறிது நேரத்தில் மறுபடி மினுக்குகிறது. டாஸ்க்பாரையோ ஸ்டார்ட் மெனுவையோ பழைய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள் ஏதாவது போட்டிருக்கிறீர்களா? எக்ஸ்ப்ளோரர்பேட்சர், ஸ்டார்ட்ஆல்பேக், ஓப்பன்ஷெல், ஸ்டார்ட்11 என எதுவானாலும் சரி, அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இவற்றில் சில விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் உள்ளே நுழைந்து வேலை செய்பவை. விண்டோஸ் தன் உள்ளமைப்பை மாற்றியதும் அவை தடுமாறி, எக்ஸ்ப்ளோரரையும் சேர்த்து விழ வைக்கும். 24எச்2 வந்த சமயத்தில், எக்ஸ்ப்ளோரர்பேட்சரும் ஸ்டார்ட்ஆல்பேக்கும் பொருந்தாதவை என்று அப்டேட் நிறுவியே சில கணினிகளில் தடுத்தது.

இந்த மென்பொருள்களைப் போடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பழகிய வடிவம் இருந்தால்தான் வேலை ஓடும் என்பவர்களுக்கு அவை பெரிய உதவி. அந்தத் தேவையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒழுங்கு ஒன்று வேண்டும்: பெரிய அப்டேட்டுக்கு முன் அன்இன்ஸ்டால், அப்டேட் முடிந்தபின் அதே மென்பொருளின் புதிய பதிப்பு. ஒரே நேரத்தில் இரண்டு வேண்டாம். தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாத ஒருவருடைய கணினியில் நான் இவற்றைப் போட்டுக் கொடுப்பதில்லை. அவர் தனியாக இருக்கும் நாளில் திரை மினுக்கத் தொடங்கினால் என்ன செய்வார்?

அப்படி எதுவும் போடவில்லை, அல்லது எடுத்தும் தீரவில்லை. டிஸ்ப்ளே டிரைவரைக் கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். பிறகு புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். புதுக் கணக்கில் மினுக்கம் இல்லையென்றால் பழுது உங்கள் ப்ரொஃபைலில் இருக்கிறது, விண்டோஸில் அல்ல. அங்கும் மினுக்கினால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி போய், ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட் என்பதைக் கொடுங்கள். உங்கள் ஃபைல்களையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டே இருக்கும் பதிப்பை மீண்டும் நிறுவும். நேரம் பிடிக்கும். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

டாஸ்க் மேனேஜரே திறக்கவில்லை. லாகின் திரையில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அவசியமானவற்றை மட்டும் ஏற்றி விண்டோஸ் திறக்கும் நிலை. இந்த வழியில், டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், வேறொரு கணினியிலோ ஃபோனிலோ நுழைந்து எடுக்கலாம். கணினி நன்றாக இருக்கும்போதே அதை எழுதி வைத்துவிடுங்கள். சாவி எங்குமே கிடைக்கவில்லை என்றால் எந்த நிபுணராலும் அந்த டிஸ்க்கைத் திறந்து தர முடியாது. திறந்து தருகிறேன் என்று சொல்பவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி: கண்ணுக்குப் பிடிபடவில்லை

ஸ்க்ரோல் பட்டை மெல்லிய கோடாகி, மவுஸை அருகில் கொண்டுபோனால்தான் தெரிகிறது. பின்னணி ஊடுருவித் தெரிவதால் எழுத்து மங்குகிறது. பார்வை குறைந்தவர்களுக்கு இது வேலையையே நிறுத்திவிடும் பிரச்சினை. வடிவமைப்பவர்கள் இதை ரசனை விஷயமாக நடத்துவது எனக்கு ஏற்புடையதல்ல.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ். ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸை ஆன் செய்யுங்கள். டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸை ஆஃப் செய்யுங்கள். அனிமேஷன் தலைசுற்ற வைத்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். எழுத்து சிறிதென்றால் அதே ஆக்சஸிபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸ். திரை ஸ்கேலிங்கை மாற்றுவதைவிட இதை முதலில் முயலுங்கள், பழைய மென்பொருள்களின் கட்டங்கள் குலையாது.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வரிகளுக்கிடையே இடைவெளி அதிகமாகிப் பாதி ஃபைல்தான் தெரிகிறது என்றால் வியூ மெனுவில் காம்பாக்ட் வியூ.

## அறிகுறி: நான் வைத்த தேர்வு தானாக மாறிவிட்டது

பிரவுசர் மாறியிருந்தால் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் போய் உங்கள் பிரவுசரைத் தேர்ந்து மேலே உள்ள செட் டிஃபால்ட். பிடிஎஃப் மட்டும் வேறு எதிலோ திறந்தால் அதே பக்கத்தின் தேடல் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்து பிடிஎஃப் என்று தட்டித் தனியாக மாற்றுங்கள்.

பிரிண்டர் மாறிக்கொண்டே இருந்தால் அப்டேட்டைக் குறை சொல்ல வேண்டாம். ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில், டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற சுவிட்ச் ஆனில் இருக்கும். அது கடைசியாகப் பயன்படுத்தியதை டிஃபால்ட் ஆக்கிவிடும். ஆஃப் செய்து உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஹோம் பக்கத்தில் திறப்பது பிடிக்கவில்லை என்றால் மேலே மூன்று புள்ளி, ஆப்ஷன்ஸ், முதல் வரியில் திஸ் பிசி.

நோட்பேடைத் திறந்தால் நேற்று மூடிய பக்கங்களெல்லாம் வந்து நிற்கின்றனவா? அதன் பல்சக்கரத்தில், தொடங்கும்போது புதிதாகத் திறக்கும்படி வைக்கும் தேர்வு உண்டு. சேமிக்காமல் அதில் குறிப்பு வைத்திருப்பவர்கள் முதலில் அவற்றைச் சேமித்துவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் போய்விடும்.

## அறிகுறி: கேட்காத பரிந்துரைகளும் செய்திகளும்

ஒரே சுவிட்சில் முடியாது, நான்கு இடத்தில் அணைக்க வேண்டும்.

- செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் கடைசியில் அடிஷனல் செட்டிங்ஸ். அங்குள்ள டிக்குகள் எல்லாவற்றையும் எடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வரும் "அமைப்பை முடிக்கலாம்" திரையும் இதோடு பெரும்பாலும் நின்றுவிடும்.
- பெர்சனலைசேஷன், ஸ்டார்ட்: குறிப்புகள், பரிந்துரைகள் பற்றிய சுவிட்ச்.
- பெர்சனலைசேஷன், டாஸ்க்பார்: விட்ஜெட்ஸ்.
- ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டியில் தேடல் தொடர்பான பக்கம்: சர்ச் ஹைலைட்ஸ்.

பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்கும் பிறகு இந்த நான்கையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

## மேக்கில்

செட்டிங்ஸில் எதுவும் பழைய இடத்தில் இல்லை. 2022-இல் வந்த வென்சுரா பதிப்பிலிருந்து சிஸ்டம் ப்ரிஃபரன்சஸ் போய், நீளப் பட்டியலாக சிஸ்டம் செட்டிங்ஸ் வந்தது. பட்டியலை மேலும் கீழும் உருட்டித் தேடாதீர்கள், இடது மேல் மூலையில் உள்ள தேடல் கட்டத்தில் தட்டுங்கள்.

எல்லாம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறது. 2025 செப்டம்பரில் வந்த டஹோ பதிப்பின் லிக்விட் கிளாஸ் வடிவம் அது. ஆக்சஸிபிலிட்டி, டிஸ்ப்ளேயில் ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சியை ஆன் செய்யுங்கள். போதவில்லை என்றால் பக்கத்திலேயே இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட் இருக்கிறது. ஸ்க்ரோல் பட்டை எப்போதும் தெரிய, அப்பியரன்ஸ் பக்கத்தில் ஷோ ஸ்க்ரோல் பார்ஸை ஆல்வேஸ் ஆக்குங்கள்.

லாஞ்ச்பேடைக் காணவில்லை. டஹோவில் அதை எடுத்துவிட்டு ஆப்ஸ் என்ற பட்டியலை வைத்தார்கள். அடிக்கடி திறக்கும் செயலிகளை டாக்கில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரோல் திசை தலைகீழ். டிராக்பேட் செட்டிங்கில் நேச்சுரல் ஸ்க்ரோலிங். மவுஸுக்கும் டிராக்பேடுக்கும் வேறு வேறு திசை வைக்க முடியாது, ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும்.

பழைய மேக்ஓஎஸ்ஸுக்குத் திரும்ப சுலபமான பொத்தான் எதுவும் இல்லை. டிஸ்க்கை அழித்து, பழைய பதிப்பை நிறுவி, அப்டேட்டுக்கு முன் எடுத்த டைம் மெஷின் பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும். அந்தப் பேக்கப் இல்லையென்றால் திரும்பும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

## லினக்ஸில்

லினக்ஸின் டெஸ்க்டாப் வடிவங்களில் ஒன்றான க்னோம் புதிய பதிப்புக்குப் போனதும் பேனல், மெனு எல்லாம் மறைந்துவிட்டால், நீங்கள் போட்ட எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) பெரும்பாலும் புதிய பதிப்புக்குப் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் அணைத்து, ஒவ்வொன்றாக ஆன் செய்து பாருங்கள். பொருந்தாததற்குப் புதிய பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பழைய வடிவமே நிரந்தரமாக வேண்டும் என்பவர்களுக்கு நல்ல வழி இருக்கும் இடம் லினக்ஸ்தான். 2011-இல் க்னோம் 3 எல்லாவற்றையும் புரட்டிப் போட்டபோது, க்னோம் 2-ஐக் கைவிட மனமில்லாதவர்கள் அதையே மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட் குழு சின்னமன் என்ற டெஸ்க்டாப்பை உருவாக்கியது. விருப்பமானதை நிறுவிவிட்டு லாகின் திரையில் பல்சக்கரத்தைக் கிளிக் செய்து தேர்ந்தெடுத்தால் போதும். ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

## எதுவும் ஒத்துவரவில்லை, பழைய பதிப்பே வேண்டும்

மாதாந்திர அப்டேட்டுக்குப் பிறகு வந்த பழுது. செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். தேதியைப் பார்த்து அதை மட்டும் எடுங்கள். உடனே அப்டேட்டைச் சில வாரம் பாஸ் செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த நாளே திரும்ப ஏறிவிடும். அதோடு பாதுகாப்புத் திருத்தங்களும் போகின்றன, அதனால் பாஸ் முடிந்ததும் ஏற்றிவிட வேண்டும்.

பெரிய பதிப்பு மாற்றம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரியில் கோ பேக். ஏறிய நாளிலிருந்து 10 நாள்தான் அவகாசம். டிஸ்க்கில் இடம் பண்ணுகிறேன் என்று டிஸ்க் க்ளீனப் ஓட்டி விண்டோஸ் டாட் ஓல்டை அழித்துவிட்டால் அந்த வாய்ப்பும் போகும். அப்டேட்டுக்குப் பிறகு போட்ட மென்பொருள்களை மறுபடி போட வேண்டியிருக்கும்.

விண்டோஸ் 10-லேயே இருக்கலாமா? அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அதில் சேராமல், வங்கி வேலை பார்க்கும் கணினியை அப்படியே வைத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புதிய வடிவங்கள் எனக்கு முதலில் வர வேண்டாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில், புதியவை கிடைத்தவுடன் பெறும் சுவிட்சை ஆஃபில் வையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும், வடிவ மாற்றங்கள் தாமதமாக வரும்.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகும்போது. "அப்டேட்டுக்குப் பிறகு இது நடக்கிறது, ஃபார்மட் செய்யக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதிப்புக் குறியீடு, கடைசி அப்டேட்டின் தேதி, நீங்கள் ஏற்கெனவே முயன்றவை, பிட்லாக்கர் சாவி இருக்கிறதா இல்லையா என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். ஃபார்மட்தான் ஒரே வழி என்று அவர் சொன்னால், ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து, அவற்றில் சிலவற்றை உங்கள் கண் முன்னே திறந்து காட்டிய பிறகே சம்மதியுங்கள்.